கட்டுமானப் பொருள்களின் கணக்கும் ரேடியோ அலைச் சில்லும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



"அறிவியல் வளர்ச்சியும் நம் மக்களும்" என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். தலைப்போ கடல் போன்றது. அதில் ஒரு கையளவு நீரை மட்டும் அள்ளிப் பார்ப்பது நலமென்று கருதினோம். ஆகவே வானத்து விண்கலங்களைப் பற்றிப் பேசாமல், மணற்பருக்கை அளவேயுள்ள ஒரு சில்லைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். ரேடியோ அலை அடையாளச் சில்லு என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஆர்.எஃப்.ஐ.டி. என்று வழங்குவர். கட்டடம் கட்டும் தொழிலில் சிமெண்டும் கம்பியும் கதவும் நிலையும் எங்கிருந்து புறப்பட்டன, எங்கே நிற்கின்றன, யார் கைக்கு வந்து சேர்ந்தன என்பதை அறிய இச்சில்லை உலகெங்கும் பயன்படுத்தத் தொடங்கியுள்ளனர்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு நெருங்கியது. நம் பாட்டன்மார் இக்காவிரிப் படுகையில் ஏர் பிடித்தனர், நாற்று நட்டனர், களத்தில் போரடித்தனர். நிலம் மட்டும் அவர்களுடையதாக இருக்கவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படாத ஆண்டுகளில் வயலில் வேலை குறைந்தது. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தபின் மேலும் குறைந்தது. இன்று நம் தெருக்களிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறுவோர் யார்? கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் தொழிலாளி, மூட்டை இறக்குபவர். ஆகவே கட்டுமானத் தொழிலில் வரும் எந்த மாற்றமும் நம் வீட்டு அடுப்பில் வந்து தெரியும்.

நம் அனுபவத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் கூறிவிட்டு, பொருளுக்கு வருகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் வகுப்பறை கட்டப்பட்டது. ஒரு நாள் மாலை, பள்ளி விடும் நேரத்தில் சிமெண்டு லாரி வந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பும் பரபரப்பில் இருந்த நம்மிடம் ஒரு தாள் நீட்டப்பட்டது. நூறு மூட்டை பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. எண்ணிப் பாராமலே ஒப்பமிட்டோம். மறுநாள் காலை, மூட்டை இறக்கியவர்களுள் ஒருவர், நம் பள்ளி மாணவனின் தந்தை, தயங்கித் தயங்கி வந்து, "ஐயா, நாங்கள் இறக்கியது எண்பதுதாங்க" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். சமையற்கூடச் சுவரருகே அழைத்துச் சென்று காட்டினார். ஐந்தைந்தாகப் போட்ட கரிக்கோடுகள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவராதலால் அவர் எண்ணியிருந்தார். எண்பதுக்கே கூலியும் பெற்றிருந்தார்.

நாம் முறையிட்டோம். "தலைமையாசிரியரின் ஒப்பம் இருக்கிறதே" என்பதே விடையாக வந்தது. ஒரு வாரம் கழித்துப் பத்து மூட்டைகள் வந்தன. எஞ்சிய பத்துக்கு இன்றுவரை விடை இல்லை. நண்பர்களே, அந்நிகழ்ச்சியில் நம்மை இன்றும் உறுத்துவது நம் கவனக்குறைவு மட்டுமன்று. படித்தவன் எண்ணாமல் இட்ட ஒப்பத்துக்கு மதிப்பு இருந்தது. படியாதவர் எண்ணிப் போட்ட கரிக்கோட்டுக்கு மதிப்பு இல்லை. உண்மையோ கரிக்கோட்டின் பக்கம் இருந்தது.

அளவும் கணக்கும் யார் கையில் இருக்கின்றன என்னும் கேள்வி இம்மண்ணுக்குப் புதிதன்று. நம் தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டளவில் முடித்த அத்திருப்பணிக்குத் தேவையான கருங்கல் தஞ்சை வண்டல் மண்ணில் கிடைப்பதன்று. அனைத்தும் தொலைவிலிருந்து கொணரப்பட்டதே. கோயிலுக்கு அளித்த பொன் 'ஆடவல்லான்' என்னும் நிறைகல்லால் நிறுக்கப்பட்டதென்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. பெருந்தச்சனின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஊர்களின் இறையிலி நிலங்களைக் கணக்கிடுமிடத்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும்கூடக் குறிக்கப்படுகின்றன. ஆனால் அக்கல்லை இழுத்துவந்த கூலியாள் ஒருவருடைய பெயரையும் நாம் அறியோம். பொருளுக்குக் கணக்கு இருந்தது. சேரிக்குக் கணக்கு இருந்தது. சுமந்தவனுக்குக் கணக்கு இல்லை.

பின்வந்த நூற்றாண்டுகளிலும் களத்துமேட்டில் மரக்கால் பண்ணையாரின் கையில் இருந்தது. கூலி நெல்லை அளப்பவரும் அவரே, அளந்தது சரியென்று சொல்பவரும் அவரே. கூலி உயர்வுக்காக எழுந்த போராட்டத்தின் பின்னணியில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டம் வந்தது. 1974-இல் ஆதிதிராவிடர்க்கு வீடு கட்டித் தருவதையே முதற் பணியாகக் கொண்டு தாட்கோ நிறுவப்பட்டது. இவை நெடிய போராட்டத்தின் விளைவுகள். அளவுகோலைப் பற்றிப் பேசும்போது இவற்றை மறத்தலாகாது.

இனிச் சில்லுக்கு வருவோம். மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். வெயிலில் நிற்கும் சிறுவன் கண்ணாடித் துண்டு ஒன்றை அசைத்து எதிர்ச்சுவரில் ஒளியைத் துள்ளச் செய்வதைக் கண்டிருப்பீர்கள். அவனிடம் விளக்கு இல்லை. கதிரவனின் ஒளியையே திருப்பி அனுப்புகின்றான். அசைக்கும் முறையை மாற்றினால் அதையே ஒரு செய்தியாக்கலாம். இச்சில்லும் அவ்வாறே செயற்படுகின்றது. அதில் மின்கலம் இல்லை. படிப்பான் எனப்படும் கருவி ரேடியோ அலையை வீசுகின்றது. சில்லைச் சுற்றியுள்ள மெல்லிய உலோக அலைவாங்கி அவ்வலையிலிருந்தே சிறிது ஆற்றலைப் பெற்று, சில்லை விழிக்கச் செய்து, அதில் பதிந்துள்ள எண்ணுக்கேற்ப அலையைத் திருப்பி அனுப்புகின்றது. திரும்பும் ஆற்றலைக் கொண்டு செய்தி அனுப்பும் இக்கருத்தை ஹாரி ஸ்டாக்மன் என்னும் பொறியியலாளர் 1948-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் விளக்கினார். அது நடைமுறைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்சு வரையுள்ள அலைப்பகுதியை உரிமம் பெறாமலே இதற்குப் பயன்படுத்த 2005-இல் அரசு வழி செய்தது.

கடையில் பொருளின்மேல் அச்சிட்டிருக்கும் பட்டைக்கோட்டை ஒவ்வொன்றாகக் கண்முன் பிடித்துக் காட்ட வேண்டும். இச்சில்லுக்கு அது தேவையில்லை. நல்ல சூழ்நிலையில் ஏறத்தாழ 10 மீட்டர் தொலைவிலிருந்து, மூடிய பெட்டிக்குள் இருந்தாலும், நொடிக்கு நூற்றுக்கணக்கில் படித்துவிடலாம். உங்களுக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தஞ்சையிலிருந்து திருச்சி செல்லும் சாலையில் வாழவந்தான்கோட்டைச் சுங்கச்சாவடியை வண்டிகள் எவ்வாறு கடக்கின்றன? முகப்புக் கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக் என்பது இச்சில்லே. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் நாடெங்கும் நெடுஞ்சாலைச் சாவடிகளில் அது கட்டாயமாக்கப்பட்டது. சரக்கு வண்டிக்குரிய மின்வழிச் சீட்டை வண்டியின் சில்லோடு இணைக்கவும் சரக்கு சேவை வரி விதிகள் இடமளிக்கின்றன. ஆகவே, திருச்சியிலிருந்து கம்பி ஏற்றிவரும் லாரி ஒன்று எந்த நேரத்தில் அச்சாவடியைக் கடந்தது என்பது இன்று பதிவாகின்றது. அந்த லாரியிலிருந்து எவ்வளவு கம்பி நம் தெருவில் இறங்கியது என்பதுதான் பதிவாவதில்லை.

பிற நாடுகளில் அந்த எஞ்சிய தொலைவையும் கடந்துள்ளனர். ஹாங்காங் நகரின் வீட்டுவசதி ஆணையம் பொது மக்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கட்டும் அமைப்பு. தொழிற்சாலையில் வார்த்த சுவர்த் துண்டுகள், மரக்கதவுகள், அலுமினியச் சன்னல்கள், இரும்புக் கதவுகள் ஆகியவற்றில் அது சில்லுகளைப் பதித்தது. வார்த்த நாள், சோதித்தவர், புறப்பட்ட நேரம், பொருத்திய மாடி அனைத்தும் ஒரே எண்ணின்கீழ் சேர்ந்தன. அங்கேயே 2017-ஆம் ஆண்டில், கடற்பாலப் பணி ஒன்றில் காங்கிரீட்டுச் சோதனை முடிவுகள் திருத்தப்பட்டமை வெளிப்பட்டுப் பலர் கைதாயினர். காங்கிரீட்டின் வலிமையைக் காண, கலவையிலிருந்து ஒரு பகுதியைக் கனசதுரமாக வார்த்து, 28 நாள் கழித்து எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பது வழக்கம். நல்ல கலவையில் வார்த்த கட்டியை வைத்து மோசமான கலவைக்கு நற்சான்று வாங்குவது உலகெங்கும் உள்ள பழைய சூழ்ச்சி. அந்நிகழ்ச்சிக்குப் பின், அரசுப் பணிகளின் சோதனைக் கட்டிகளுக்குச் சில்லிட்டு அடையாளங் காணும் முறையை ஹாங்காங் அரசு வளர்த்தது. நம் நாட்டிலும், சென்னை மணப்பாக்கத்திலிருந்து இயங்கும் எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவு போன்ற பெருநிறுவனங்கள் பொருள்களையும் இயந்திரங்களையும் இவ்வகையில் கண்காணிக்கத் தொடங்கியுள்ளன.

பெருநிறுவனங்களால் இயலுவது சிற்றூர் ஒப்பந்தக்காரரால் ஏன் இயலவில்லை? காரணங்களை நேர்மையாகக் கூற வேண்டும். முதலாவது, இரும்பு ரேடியோ அலையைத் திருப்பிவிடும், நீர் விழுங்கிவிடும். கம்பிக்கட்டும் ஈரக் காங்கிரீட்டும் நிறைந்த இடத்தில் சாதாரணச் சில்லு தடுமாறும். அதற்கெனச் செய்த விலைமிக்க சில்லு வேண்டும். இரண்டாவது, சில்லின் விலை சில ரூபாயே ஆயினும், அன்றே உடைத்துக் கொட்டும் சிமெண்டு மூட்டை ஒவ்வொன்றுக்கும் அதை ஒட்டுவது கட்டுபடியாகாது. மூட்டைகளை அடுக்கிய பலகைக்கோ, வண்டிக்கோ, கதவு சன்னல் போன்ற நிலைத்த பொருளுக்கோதான் பொருந்தும். மூன்றாவது, அரியலூரில் உற்பத்தியாளர், தஞ்சையில் மொத்த வணிகர், ஒன்றியத்தில் கிடங்கு, சிற்றூரில் மேஸ்திரி என்று நால்வர் கை மாறும் பொருளுக்கு, நால்வரும் ஒரே எண் முறையை ஏற்க வேண்டும். சில்லுக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், அதனால் பயன் பெறுபவர் மற்றொருவர் என்றால் முதலாமவர் ஏன் முன்வருவார்? நான்காவது காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படாதது. கணக்குத் தெளிவாவதை விரும்பாதவர்களும் இச்சங்கிலியில் உண்டு.

மற்றொன்று மணல். ஆற்று மணல் அள்ளும் பணியை 2003 அக்டோபரில் தமிழக அரசு பொதுப்பணித் துறை வழியாகத் தானே ஏற்றது. 2017-இல் மணலுக்கு இணையவழிப் பதிவு வந்தது. 2018 ஆகஸ்டில் திருச்சிக் கொள்ளிடத்தின் பழைய பாலம் இடிந்ததையும், முக்கொம்பு மேலணையின் மதகுகள் பெருக்கில் அடித்துச் செல்லப்பட்டதையும் நீங்கள் அறிவீர்கள். அளவுக்கு மிஞ்சி மணல் அள்ளியதே காரணமென்று உழவர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. மணலுக்குச் சில்லு ஒட்ட முடியாது. லாரிக்குத்தான் ஒட்ட முடியும். ஒரே நடைச்சீட்டைக் காட்டிப் பல நடை ஓட்டுவதைச் சில்லு காட்டிக்கொடுக்கும். ஆனால் படிப்பான் இல்லாத பாதை வழியே சென்ற வண்டியை அது அறியாது. ஆற்றின் அடியில் எத்தனை அடி ஆழம் தோண்டினார்கள் என்பதையும் அது அறியாது. அதை ஆற்றங்கரையில் வாழும் மனிதன்தான் அறிவான். ஆகவே கருவி மனிதச் சாட்சிக்குத் துணையாகலாமேயன்றி, அதற்கு மாற்றாகாது.

இனி, நம்மை நேரே தொடும் செய்தி. 2016-இல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில், வீடு ஒவ்வொரு நிலைக்கு உயரும்போதும் இடக் குறிப்போடு ஒளிப்படம் எடுத்துப் பதிவேற்றிய பின்னரே தவணைத் தொகை வரும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீடொன்றுக்கு 3.5 லட்ச ரூபாய் வகுக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களில் சிமெண்டும் கம்பியும் அரசுத் துறை வழியாகவும் வழங்கப்படுகின்றன. ஏழையின் வீட்டை நிலைதோறும் படம் பிடிப்பது தவறன்று. மக்கள் பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் அதே கண்டிப்பு அவருக்கு வரும் மூட்டைக்கும் வேண்டாமா? சிமெண்டு மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் மீண்டும் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டுமென்பது தர விதி. கிடங்கில் கட்டிதட்டிய மூட்டை ஒரு விதவைத் தாயின் வீட்டுக் கூரையாகும்போது, அது எந்த வாரம் தயாரானது, எத்தனை நாள் கிடந்தது என்று கேட்கும் உரிமை அத்தாய்க்கு உண்டு. வாங்குபவரை மட்டும் கண்காணித்துக் கொடுப்பவரைக் கண்காணியாமல் விடும் கருவி, பழைய மரக்காலின் புது வடிவமே ஆகும்.

ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். பொருளில் ஒட்டும் சில்லு, தொழிலாளியின் தலைக்கவசத்திலும் அடையாள அட்டையிலும் ஏற நெடுநேரம் ஆகாது. அதிலும் இருவழி உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டம், ஆண்டில் 90 நாள் வேலை செய்தவரே நலப் பயன்களுக்குப் பதிவு செய்யலாம் என்று வகுத்தது. நம் மாநிலத்தில் 1994-இலேயே கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. எனினும், வேலை செய்ததற்குச் சான்று கேட்டு மேஸ்திரியின் பின்னால் அலைந்த சித்தாள்கள் எத்தனை பேர்! அட்டையிலுள்ள சில்லு அவருடைய வேலை நாளைப் பதிந்து, அப்பதிவின் படி அவர் கைக்கும் வந்தால், அது அவருக்குச் சொத்து. மாறாக, தேநீர் குடிக்க எத்தனை நிமிடம் சென்றார், சங்கக் கூட்டத்தில் யாரோடு நின்றார் என்று எண்ணவே அது பயன்பட்டால், அது விலங்கு. 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றியுள்ளது. அது என்ன சொல்கிறதென்பதை நம் இளைஞர்கள் படித்து, பெற்றோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே இக்கருவியை எதிர்க்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் கூறவில்லை. மூன்று கோரிக்கைகளை இவ்வவையின் முன் வைக்கின்றோம்.

முதலாவதாக, நம் குடியிருப்புகளில் அரசுச் செலவில் எழும் வீடு, பள்ளி, சமுதாயக் கூடம் எதுவாயினும், வந்திறங்கிய பொருளின் கணக்கு பணியிடத்திலேயே பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டுமென்று கிராம சபையில் கேட்போம். சில்லு வரும் நாளில் வரட்டும். பலகைக்கும் சுண்ணக்கட்டிக்கும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கின்றது.

இரண்டாவதாக, பொருளை இறக்கும் தொழிலாளியின் எண்ணிக்கையும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும். பெற்றுக்கொண்டவர் ஒப்பத்தின் அருகே இறக்கியவர் ஒப்பமும் இருக்கட்டும். நாளை கணினிப் பதிவு வந்தாலும் அந்தக் கட்டம் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, நம் சங்கம் நடத்தும் மாலைநேரப் பள்ளியில் இக்கலையைக் கற்பிக்கத் தொடங்குவோம். பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு சிறிய படிப்பானும் நூறு சில்லுகளும் வாங்கி, முதலில் நம் நூலகப் புத்தகங்களில் ஒட்டுவோம். எந்த நூல் எவரிடம் உள்ளதென்று மாணவர்களே பதிவு செய்து பழகட்டும். தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் பாலிடெக்னிக்குக்கும் செல்லும் நம் பிள்ளைகள், பண்டகக் காப்பாளராகவும் மின்னணுப் பணியாளராகவும் நிரல் எழுதுபவராகவும் கட்டுமான இடத்துக்குள் நுழையட்டும். தலையில் சட்டி சுமந்து நுழைந்த அதே வாயிலில், கையில் படிப்பானோடு அவர்கள் நுழைவதைக் காண வேண்டும். ஒரு சொல் மட்டும் அவர்களுக்கு: அந்த இருக்கையில் அமர்ந்தபின், எண்ணாமல் ஒப்பமிடாதீர்கள். நாம் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தார். அப்பொறுப்பில் இருக்கும்போதே 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். உழைப்பவனின் உரிமையும் கல்வியும் வேறு வேறல்ல என்பதை அவர் வாழ்வே காட்டுகின்றது. இச்சங்கமும் அவ்வழி நின்று 25 ஆண்டுகளைக் கடந்திருக்கின்றது.

அந்த வகுப்பறை இன்றும் நிற்கின்றது. நாம் அவ்வூரை விட்டு மாற்றலாகி நெடுநாள் ஆயிற்று. சமையற்கூடத்துக்கு வெள்ளையடித்தபோது கரிக்கோடுகள் மறைந்துபோயின. அவற்றைப் போட்ட மனிதரை அன்று உரக்கச் சாட்சி சொல்ல அழைக்கும் துணிவு நமக்கு இருக்கவில்லை. அக்கடனைத் தீர்க்கும் ஒரு சிறு முயற்சியாகவே இவ்வுரையைக் கருதுகின்றோம்.